ஏர் ரைபிளுக்கும் பழைய .22-க்கும் ஸ்கோப் மவுண்ட்: எதை வாங்குவது, எப்படிப் பூட்டுவது

ஏற்காட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். குடும்பத்துக்குக் காபித் தோட்டம் உண்டு. தாத்தாவிடமிருந்து முறைப்படி தன் லைசென்ஸுக்கு மாற்றிக்கொண்ட ப்ருனோ .22 ஒன்று, அப்பாவின் .315 ஒன்று, தானே வாங்கிய ஸ்பிரிங் ஏர் ரைபிள் ஒன்று என மூன்று வைத்திருக்கிறார். 3–9×40 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கிக் காட்டும், 40 மி.மீ. முன்கண்ணாடியுள்ள குறிநோக்கி) ஒன்றை வாங்கி ஏர் ரைபிளில் பூட்டினாராம். முதல் சில குண்டுகள் சரியாகப் போகின்றன, பிறகு குறி தானாக விலகிவிடுகிறது. ஸ்கோப் மட்டமானது, விலை கூடியதாக வாங்கு என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். எந்த மவுண்ட் (ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் பிடிப்பான்) வாங்குவது, எப்படிப் பூட்டுவது, ஒரே ஸ்கோப்பை மூன்றுக்கும் மாற்றிக்கொள்ளலாமா, பன்றித் தொல்லைக்கு .315-இல் ஸ்கோப் போடலாமா என்பவை கேள்விகள்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், தம்பி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டை கிடையாது. பன்றி தோட்டத்தைக் கிளறினாலும், காட்டுமாடு வேலியை மிதித்தாலும், என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியது வனத்துறை. கையில் லைசென்ஸ் இருப்பதால் அந்த அதிகாரம் நமக்கு வந்துவிடாது. பயிர்ச் சேதத்துக்கு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள். கீழே சொல்வதெல்லாம் அட்டையில் சுடுவதற்கு, அதுவும் சுடுதளத்தில். வெளிநாடுகளில் வேட்டை ரைபிளுக்கு ஸ்கோப் பூட்டும் முறையும் இதேதான். குறி அசையாமல் நிற்க வேண்டும் என்ற தேவை எல்லாருக்கும் ஒன்று.

அந்த .315-ஐ அப்படியே விட்டுவிடுங்கள். லீ-என்ஃபீல்டு வகைப் பொறியமைப்புள்ள இஷாப்பூர் ரைபிள் அது. அதன் ரிசீவரில், அதாவது போல்ட் ஓடும் உலோகக் கூட்டில், ஸ்கோப்புக்கான தவாளிப்பும் கிடையாது, திருகுத் துளையும் கிடையாது. ஸ்கோப் போட வேண்டுமென்றால் ரிசீவரில் துளையிட்டு மரை வெட்ட வேண்டும். சேலத்தில் நல்ல லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஆனால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, துப்பாக்கியைப் பழுது பார்க்கவோ மாற்றவோ அதற்குரிய லைசென்ஸ் உள்ளவருக்குத்தான் உரிமை. பட்டறைக்காரர் எவ்வளவு கைத்தேர்ந்தவராக இருந்தாலும் அவரிடம் இந்த வேலையைக் கொடுப்பது அவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. ரிசீவர் வெப்பப்பதம் செய்த எஃகு. தவறான இடத்தில் விழுந்த துளையைத் திரும்ப அடைக்க முடியாது. அப்பாவின் துப்பாக்கி அதன் இரும்புக் குறியோடே இருக்கட்டும்.

இனி உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருவோம். நீங்கள் சொல்லும் அறிகுறியை வைத்துப் பார்த்தால் நான் முதலில் சந்தேகிப்பது ஸ்கோப்பை அல்ல, பூட்டுமானத்தை. ஏன் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். குறியளவில் ஒரு மினிட் என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது 29 மி.மீ. இப்போது ஸ்கோப்பைப் பிடிக்கும் இரண்டு ரிங்குகளுக்கு இடையே 100 மி.மீ. தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் ரிங் வெறும் 0.03 மி.மீ. உயர்ந்தாலே குறி ஒரு மினிட் நகர்ந்துவிடும். 0.03 மி.மீ. என்பது தலைமுடியின் பருமனில் பாதிகூட வராது. தவாளிப்பில் ஒட்டிய ஒரு துணுக்கு பெயின்ட், காய்ந்த கிரீஸ், அரைகுறையாக முடுக்கிய ஒரு திருகு, எதுவானாலும் அந்த அளவைத் தாண்டிவிடும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கண்ணாடியின் துல்லியம் முழுவதும் இந்த இணைப்பின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. கையில் இருக்கும் பணத்தில் ஒரு பகுதியை மவுண்டுக்கென்று முதலிலேயே ஒதுக்கிவையுங்கள் என்று புதிதாகச் சுட வரும் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்வேன்.

வாங்குமுன் வெர்னியர் காலிப்பரை எடுத்து ரெயிலை (மவுண்ட் கவ்விப் பிடிக்கும் தடத்தை) அளந்து பாருங்கள். பழைய ப்ருனோ .22-இன் ரிசீவர் மேலேயே 11 மி.மீ. டவ்டெயில் (இருபுறமும் சரிவாகத் தவாளிப்பு வெட்டிய ரெயில்) வெட்டியிருக்கும். ஏர் ரைபிள்களிலும் பெரும்பாலும் 11 மி.மீ.தான். அமெரிக்க .22-களில் பல 3/8 அங்குலம், அதாவது 9.5 மி.மீ. ‘9 முதல் 11 வரை பொருந்தும்’ என்று பெட்டியில் அச்சிட்டு விற்கும் மவுண்டுகள் இரண்டிலும் பூட்டும். ஆனால் இரண்டிலும் முழுமையாகப் படியாமல் போகலாம். அகலம் மட்டுமல்ல, தவாளிப்பின் சரிவுக் கோணமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கோணம் பொருந்தாவிட்டால் கவ்வும் தாடை முழுப் பரப்பிலும் உட்காராமல் ஒரு விளிம்பில் மட்டும் கடிக்கும். ஒருமுறை பூட்டிக் கழற்றிப் பாருங்கள். ரெயிலின் பக்கவாட்டில் மெல்லிய கோடாகக் கீறல் விழுந்திருந்தால் அந்த மவுண்ட் உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது. பரவலான தேய்ப்புத் தடம் தெரிந்தால் நல்லது.

வீவர், பிக்காட்டினி என்ற இரண்டு பெயரையும் கடையில் கேட்பீர்கள். இரண்டும் குறுக்கே பள்ளம் வெட்டிய அகலமான ரெயில்கள். வீவரின் பள்ளம் சுமார் 4.6 மி.மீ., பிக்காட்டினியின் பள்ளம் 5.2 மி.மீ. அகலம். பிக்காட்டினியில் பள்ளங்கள் 10 மி.மீ. சீர் இடைவெளியில் வரும். வீவர் ரிங் பிக்காட்டினி ரெயிலில் உட்காரும். பிக்காட்டினி ரிங் வீவரில் பெரும்பாலும் இறங்காது. உங்கள் இரண்டு துப்பாக்கிக்கும் இது தேவையில்லை. 11 மி.மீ.-இலிருந்து பிக்காட்டினிக்கு மாற்றும் அடாப்டர்கள் விற்கிறார்கள், ஆனால் அதை வாங்கினால் ஓர் இணைப்பு இருந்த இடத்தில் இரண்டு வந்துவிடும், உயரமும் கூடிவிடும். தவிர்த்துவிடுங்கள்.

ரிங்கின் உள்விட்டம் ஸ்கோப் குழாயின் விட்டத்தோடு ஒத்திருக்க வேண்டும். உங்கள் 3–9×40-க்கு அநேகமாக 25.4 மி.மீ., அதாவது ஓர் அங்குலம். இப்போது 30 மி.மீ. குழாய்களும் நிறைய வருவதால் அளந்து பார்த்தே வாங்குங்கள்.

உயரத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முன் கண்ணாடியின் வெளிவிட்டத்தை அளவுங்கள். 40 மி.மீ. என்பது கண்ணாடியின் அளவு; வெளிக்கூட்டின் அளவு 48 என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி 24. குழலுக்கும் கூட்டுக்கும் இடையே 3 மி.மீ. இடம் விட்டால் 27. அந்த இடத்தில் குழலின் மேற்பரப்பைவிட ரெயில் 5 மி.மீ. உயர்ந்திருந்தால், ரெயிலிலிருந்து ஸ்கோப்பின் நடுக்கோடு வரை 22 மி.மீ. வேண்டும். இதற்கு மேல் உள்ளதில் மிகத் தாழ்ந்த ரிங்கை எடுங்கள். உயரத்தைச் சிலர் குழாயின் நடுவரை அளந்து சொல்வார்கள், சிலர் குழாயின் அடிவரை. எது என்று கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் 12.7 மி.மீ. வித்தியாசம். ரிங் உயரமாகிவிட்டால் கன்னம் கட்டையில் பதியாது, தலையைத் தூக்கிக்கொண்டே பார்க்க நேரும், ஒவ்வொரு முறையும் கண் வேறிடத்தில் இருக்கும். ப்ருனோவில் இன்னொன்றையும் பாருங்கள்: போல்ட் கைப்பிடியைத் தூக்கும்போது ஸ்கோப்பின் பின்பாகத்தில் இடிக்கக் கூடாது. விரலும் நுழைய வேண்டும்.

ஏர் ரைபிள் விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் தலைவலி அங்கேதான். ஸ்பிரிங் ஏர் ரைபிளின் உதைப்பு நெருப்புத் துப்பாக்கியின் உதைப்பைவிடச் சிறியது. ஆனால் அது இரண்டு திசையில் வரும். டிரிக்கரை அழுத்தியதும் கனமான பிஸ்டன் முன்னே பாய்கிறது, துப்பாக்கி பின்னே நகர்கிறது. பிஸ்டன் சிலிண்டர் முனையில் மோதி நிற்கும் கணத்தில் துப்பாக்கி வெடுக்கென்று முன்னே இழுபடுகிறது. இந்த இரண்டாவது அடிதான் ஸ்கோப்பை வாட்டும். துப்பாக்கி முன்னே போகிறது, ஸ்கோப் தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. விளைவாக மவுண்ட் ரெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே ஊர்ந்துவருகிறது. ரெயிலில் மவுண்டின் பின்விளிம்பை ஒட்டிப் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு இருபது குண்டு சுடுங்கள். மவுண்ட் கோட்டை மறைத்திருந்தால் நோய் என்னவென்று தெரிந்துவிடும்.

இதற்கு மருந்து திருகை இன்னும் அழுத்தி முடுக்குவது அல்ல. அப்படிச் செய்தால் திருகின் மரைதான் உருவும். ரிங் இரண்டும் ஒரே அடிப்பாகத்தில் இணைந்த ஒற்றைத் துண்டு மவுண்டாக வாங்குங்கள். அதன் கவ்வும் பரப்பு நீளமானது. அதில் அடியில் இறங்கும் ஒரு தடுப்பு ஊசி இருக்க வேண்டும். ரெயிலின் பின்பகுதியில் அதற்கென்று துளை இருக்கும். ஊசியைத் துளையில் இறக்கி, மவுண்டைப் பின்னோக்கித் தள்ளி, ஊசி துளையின் பின்சுவரில் முட்டிய நிலையில் வைத்து முடுக்குங்கள். ரெயிலில் துளை இல்லையென்றால் மவுண்டுக்குப் பின்னால் தனித் தடுப்புக் கட்டை ஒன்றைப் பூட்டலாம். நெருப்புத் துப்பாக்கியில் இது அப்படியே தலைகீழ். அங்கே ஒரே உதை, துப்பாக்கி பின்னே போகிறது, ஸ்கோப் முன்னே நகரப் பார்க்கிறது. ஆகவே பிக்காட்டினி ரெயிலில் பூட்டுபவர்கள் ரிங்கை முன்னோக்கித் தள்ளி, பள்ளத்தின் முன்சுவரில் முட்டவைத்து முடுக்குவார்கள். ஒன்றுக்குப் படித்த பாடத்தை மற்றதில் போட்டால் முதல் சில குண்டுகள் மவுண்டை அதன் இடத்துக்குத் தள்ளுவதிலேயே போய்விடும், நீங்கள் வைத்த குறியும் அதோடு போய்விடும்.

ஸ்கோப்பும் இந்த இருதிசை அடியைத் தாங்கும்படி செய்யப்பட்டிருக்க வேண்டும். வேட்டை ரைபிளுக்கென்று செய்த சில நல்ல ஸ்கோப்புகள் பெரிய .30-06 வேட்டைத் தோட்டாவின் உதையைத் தாங்கும், ஆனால் சாதாரண ஸ்பிரிங் ஏர் ரைபிளில் உள்ளே இருக்கும் குறுக்குக்கோடு கழன்றுவிடும். ‘ஏர் ரைபிளுக்கு ஏற்றது’ என்று தயாரிப்பாளரே எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். தூரச் சீரமைப்பையும் பாருங்கள். பெரிய ரைபிள் ஸ்கோப்பில் பாரலாக்ஸ் (கண் நகர்ந்தாலும் குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகராத தூரம்) வழக்கமாக 100 கஜத்துக்கு வைத்திருப்பார்கள், .22-க்கான ஸ்கோப்பில் 50 கஜத்துக்கு. நீங்கள் சுடும் 10, 20 மீட்டரில் அவை மங்கலாகத் தெரியும், கண் கொஞ்சம் நகர்ந்தாலே குறுக்குக்கோடும் அட்டை மேல் நகரும். முன்கண்ணாடியைத் திருப்பியோ பக்கத் திருகினாலோ 10 கஜம் வரை இறக்கக்கூடிய ஸ்கோப் ஏர் ரைபிளுக்கு வேண்டும். ஒரே ஸ்கோப்பை மாற்றி மாற்றிப் பூட்டும் யோசனை வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் மறுபடி குறி வைக்க வேண்டும் என்பது இன்னொன்று.

குழலை மடக்கி ஏற்றும் ஏர் ரைபிளில் மற்றொரு வம்பு உண்டு. குழல் ரெயிலோடு ஒரு கோட்டில் இல்லாமல் முன்முனை சற்றுத் தாழ்ந்திருக்கும். இரும்புக் குறியில் இது தெரியாது. ஸ்கோப் போட்டதும் குண்டு மிகக் கீழே போகும். மேல் டரட்டை, அதாவது குறியை மேலும் கீழும் நகர்த்தும் ஸ்கோப்பின் குமிழை, கடைசி வரை திருகினாலும் எட்டாது. அப்படிக் கடைசி வரை திருகிய நிலையில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிடும், குறி நிற்காது. குறி விலகுவதற்கு ஊர்தலுக்கு அடுத்தபடியாக நான் பார்க்கும் காரணம் இது. டரட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கிளிக் எண்ணித் திருப்பி, நடுவில் நிறுத்தி, அங்கிருந்து தொடங்குங்கள். நடுவிலிருந்து வெகுதூரம் போக வேண்டியிருந்தால் பின்பக்கம் உயர்த்திச் செய்த மவுண்டை வாங்குங்கள். பின் ரிங்குக்கு அடியில் போட்டோ நெகட்டிவ் துண்டை வைப்பது பழைய வழக்கம். நான் சொன்ன 0.03 கணக்குப்படி ஒரு துண்டு நான்கைந்து மினிட் தூக்கிவிடும். ஒரு துண்டோடு நிறுத்துங்கள், அதற்கு மேல் குழாய் வளையத் தொடங்கும்.

பூட்டும் வேலை ஒரு மாலைப் பொழுது வேலை. அவசரப்படாதீர்கள். முதலில் மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டை உருவுங்கள், அறைக்குள் விரல்விட்டுப் பாருங்கள். ரெயில், மவுண்டின் தாடை, ரிங்கின் உட்புறம், திருகுகள் எல்லாவற்றையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். அடிப்பாகத்தை ரெயிலில் பூட்டி, ஸ்கோப்பை வைத்து, ரிங்குகளின் மேல் மூடிகளைத் தளர்வாகப் போடுங்கள். ஸ்கோப் முன்பின் நகர வேண்டும், சுழலவும் வேண்டும்.

கண் தூரத்தை மிகப் பெரிய பெருக்கத்தில் வைத்துப் பாருங்கள், உங்கள் ஸ்கோப்பில் அது 9. கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் கன்னத்தைப் பதித்து, பிறகு கண்ணைத் திறங்கள். விளிம்பில் கறுப்பு வளையம் இல்லாமல் முழு வட்டமும் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் தலையை நகர்த்தாதீர்கள், ஸ்கோப்பை நகர்த்துங்கள். கண்ணுக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே பெரும்பாலான ஸ்கோப்புகளில் 75 முதல் 100 மி.மீ. வரை இருக்கும். எந்த உடையில் சுடுவீர்களோ அந்த உடையோடு பாருங்கள். மார்கழியில் ஏற்காட்டில் கனத்த ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தோளில் வைப்பதும் சேலத்தில் சட்டையோடு வைப்பதும் ஒன்றல்ல.

அடுத்தது நிமிர்வு. கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி, பத்து மீட்டர் தள்ளி வெளிச்சமான இடத்தில் தொங்கவிடுங்கள். துப்பாக்கியைச் சாயாமல் தாங்கியில் நிறுத்தி, ரிசீவரின் தட்டையான பகுதியில் சிறு ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டு, குறுக்குக்கோட்டின் நெடுங்கோடு நூலோடு ஒட்டும் வரை ஸ்கோப்பைச் சுழற்றுங்கள். இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், .22 குண்டு 100 மீட்டர் போவதற்குள் குழலின் நேர்கோட்டிலிருந்து அரை மீட்டர் அளவுக்கு விழுகிறது. சுடும்போது துப்பாக்கியும் ஸ்கோப்பும் 3 பாகை சாய்ந்திருந்தால் அதில் சுமார் 2.5 செ.மீ. பக்கவாட்டில் போய்விடும். நெடுங்கோடு சாய்ந்திருந்தால் ‘மேலே நான்கு கிளிக்’ என்று திருகும்போது குண்டு மேலே மட்டும் போகாது, பக்கத்திலும் போகும்.

பிறகு முடுக்குதல். மேல்மூடித் திருகுகளைக் கார் சக்கர நட்டை முடுக்குவது போல எதிரெதிராக, ஒவ்வொன்றாய், கால் சுற்றுக் கால் சுற்றாக முடுக்குங்கள். மூடிக்கும் அடிப்பாதிக்கும் இடையே இருபுறமும் இடைவெளி ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒருபுறம் முட்டி மறுபுறம் திறந்திருந்தால் குழாய் சுழன்றுவிடும், செய்த நிமிர்வு வீண். மூடித் திருகுக்கு வழக்கமான அளவு 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் வரை. மவுண்டோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இருசக்கர வாகன மெக்கானிக்கிடம் இருக்கும் டார்க் ரெஞ்ச் இதற்கு மிகப் பெரிது. விலை கூடிய சைக்கிள்களுக்கான சிறிய டார்க் ரெஞ்ச் 2 நியூட்டன் மீட்டரில் தொடங்கும், அது போதும். கைக் கணக்கில் முடுக்குபவர்கள் அநேகமாக அதிகமாகத்தான் முடுக்குகிறார்கள். குழாய் மெல்லிய அலுமினியம். அழுங்கினால் பெருக்க வளையம் இறுகிப்போகும். அடிப்பாகத்தைத் திருகால் பூட்டும் துப்பாக்கியென்றால் அந்தத் திருகுக்கு நீல நிற லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விடலாம். ரிங் மூடித் திருகுக்கு வேண்டாம். மரை ஈரமானால் அதே டார்க்கில் இறுக்கம் கூடிவிடும். முடித்தபின் திருகுத் தலைக்கும் ரிங்குக்கும் குறுக்கே நகப்பூச்சால் மெல்லிய கோடு ஒன்று போடுங்கள். திருகு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

ப்ருனோவில் போல்ட்டை எடுத்துவிட்டுக் குழல் வழியே 25 மீட்டர் அட்டையின் நடுவைப் பார்த்து, துப்பாக்கியை அசைக்காமல் டரட்டைத் திருகிக் குறுக்குக்கோட்டை அங்கே கொண்டுவாருங்கள். முதல் குண்டு அட்டையில் விழ இது போதும். பிறகு ஐந்து ஐந்தாகச் சுட்டு, அந்த ஐந்தின் நடுவைப் பார்த்துத் திருத்துங்கள். ஒற்றைக் குண்டைத் துரத்தாதீர்கள். கால் மினிட் கிளிக் என்பது 100 மீட்டரில் 7 மி.மீ., 25 மீட்டரில் 1.8 மி.மீ., 10 மீட்டரில் 0.7 மி.மீ. 25 மீட்டரில் 18 மி.மீ. கீழே விழுந்தால் பத்து கிளிக் மேலே.

இத்தனைக்கும் பிறகும் குறி நகர்ந்தால் வரிசையாகப் பாருங்கள்: நகப்பூச்சுக் கோடு, ரெயிலில் போட்ட பென்சில் கோடு, பிறகு மரக்கட்டையைக் குழலோடு பிணைக்கும் திருகுகள். இந்தக் கட்டைத் திருகுகளை யாரும் நினைப்பதில்லை. ஏர் ரைபிளை மணல் மூட்டையில் இறுக்கி வைத்துச் சுட்டாலும் குறி மாறும். அதை உள்ளங்கையில் தளர்வாகத் தாங்க வேண்டும். அதன்பின் 20 கிளிக் மேலே, 20 வலது, 20 கீழே, 20 இடது என்று சதுரமாகச் சுட்டுப் பாருங்கள். கடைசிக் குண்டுகள் தொடங்கிய இடத்துக்கே வந்தால் ஸ்கோப் நல்ல நிலையில் இருக்கிறது. வராவிட்டால்தான் கடைக்காரர் சொன்னது சரி.

மலைமேல் வைத்திருப்பவர் என்பதால் இரண்டு விஷயம். மூடுபனி நாட்களில் கண்ணாடியின் வெளிப்புறம் மங்குவது இயல்பு, துணியால் துடைத்தால் போகும். உட்புறம் மங்கினால் அடைப்பு விட்டு, நிரப்பிய வாயு வெளியேறிவிட்டது என்று பொருள், திருப்பிக் கொடுங்கள். மழை மாதங்களில் பஞ்சு வைத்த உறைக்குள் துப்பாக்கியைப் பூட்டி வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மவுண்டின் எஃகுத் திருகுகளைத் துருவாக்கிவிடும். 1,500 மீட்டர் உயரத்தின் மெல்லிய காற்று குறியை மாற்றுமா என்று யோசிக்கலாம். 25, 50 மீட்டரில் .22-க்கு அதைப் பொருட்படுத்த வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் குலுங்கி இறங்குவதுதான் மாற்றும். சேலம் வந்து சேர்ந்ததும் முதல் ஐந்து குண்டைச் சரிபார்ப்புக்கென்றே வையுங்கள். தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்திலோ டீலரிடமோ ஒப்படைத்துத் திரும்ப வாங்கும்போதும் அப்படியே. முடிந்தால் ஸ்கோப்பை மவுண்டோடு கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத் துப்பாக்கியை மட்டும் ஒப்படையுங்கள்.

போட்டியில் இறங்கும் எண்ணம் இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஒலிம்பிக்கில் உள்ள 10 மீட்டர், 50 மீட்டர் ரைபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. துளைக்குறிதான். அதற்கு வேறு துப்பாக்கி, வேறு பயிற்சி.

இப்போதைக்கு, தடுப்பு ஊசியுள்ள ஒற்றைத் துண்டு 11 மி.மீ. மவுண்ட் ஒன்றை ஏர் ரைபிளுக்கு வாங்குங்கள். பென்சில் கோட்டுச் சோதனையைப் பழைய மவுண்டிலேயே முதலில் செய்துவிடுங்கள். எவ்வளவு நகர்ந்தது, டரட் நடுவிலிருந்து எத்தனை கிளிக் தள்ளி இருக்கிறது, இந்த இரண்டு எண்ணையும் எழுதுங்கள். பின்பக்கம் உயர்ந்த மவுண்ட் தேவையா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.